கண்ணாடியைக் கழற்றலாமா? வாசகர் கேள்விகளும் கண் மருத்துவர் பதில்களும்

கண்ணாடி பவரைப் போக்கும் லேசர் சிகிச்சை பற்றி சென்ற மாதம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன், அதைச் சுற்றியே ஏகப்பட்ட கடிதங்கள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் ‘எனக்கு பவர் இவ்வளவு, செய்யலாமா?’ என்று ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன. பவரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. ஏன் என்று முதல் கடிதத்தைப் படித்தாலே புரிந்துவிடும்.

டாக்டர், எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 7. என் தோழிக்கு மைனஸ் 3தான். ஒன்றாகப் போய் லேசிக் பரிசோதனை செய்துகொண்டோம். எனக்குச் செய்யலாம் என்கிறார்கள், அவளுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமோ?
— வாசகி, வயது 26

மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். இப்படி நடப்பது சகஜம்.

கிட்டப்பார்வைக்கு லேசர் செய்யும்போது கருவிழியின், அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியாவின், நடுப்பகுதியைக் கொஞ்சம் செதுக்கித் தட்டையாக்குகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். செதுக்குவதற்கு அங்கே போதுமான திசு இருக்க வேண்டும், செதுக்கிய பிறகு மிச்சம் இருப்பது ஆயுசுக்கும் கண்ணின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். சராசரி கருவிழியின் நடுத்தடிமன் 540, 550 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். லேசிக்கில் முதலில் மேலே ஒரு மெல்லிய மடலை, ஃப்ளாப் என்பார்கள், சுமார் 110 மைக்ரான் தடிமனில் வெட்டித் திறக்கிறார்கள். பிறகு அடியில் செதுக்குகிறார்கள். ஆறரை மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு பவருக்கு ஏறக்குறைய 14 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மைனஸ் 7க்கு 98 மைக்ரான். உங்கள் கருவிழி 550 இருந்தால் 110ம் 98ம் போக 342 மிச்சம். குறைந்தபட்சம் 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு, இப்போது பலர் 280, 300க்குக் கீழே இறங்கவே மாட்டார்கள். ஆக உங்களுக்குத் தாராளம்.

அதே மைனஸ் 7 உள்ள இன்னொருவருக்குக் கருவிழி 490தான் என்றால்? மிச்சம் 282. எண்ணைப் பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றும், ஆனால் மொத்தத் தடிமனில் 42 சதவீதத்தைத் தொட்டுவிட்டோம். 40ஐத் தாண்டினால் பிற்காலத்தில் கருவிழி தளர்ந்து முன்னே பிதுங்கும் அபாயம் கூடுகிறது என்பதால் கவனமான மருத்துவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

உங்கள் தோழியின் விஷயத்தில் தடிமன் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு, மைனஸ் 3க்குச் செதுக்குவதே கொஞ்சம்தான். அநேகமாகக் கருவிழியின் வடிவத்தில் ஏதோ சந்தேகம், இல்லையென்றால் கண் வறட்சி, அதுவும் இல்லையென்றால் பவர் இன்னும் நிலைக்காமல் இருக்கலாம். ‘ஏன் வேண்டாம் என்றீர்கள்?’ என்று அவர் போய்க் கேட்க வேண்டும். காரணம் வறட்சியாக இருந்தால் சரிசெய்துகொண்டு திரும்ப வரலாம், வடிவமாக இருந்தால் அது வேறு கதை. அந்தக் கதை அடுத்த கடிதத்தில் இருக்கிறது, அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. மைனஸ் 7 கண் என்பது நீளமான கண். லேசர் முன்பக்கத்தை மட்டும்தான் மாற்றுகிறது, பின்னால் இழுபட்டு மெலிந்திருக்கும் விழித்திரை அப்படியேதான் இருக்கும். கண்ணாடி போய்விட்டது என்பதற்காக ரெட்டினா பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சிகிச்சைக்கு முன்பும் பாப்பாவை, அதாவது கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளையை, விரிக்கும் சொட்டு மருந்து போட்டு ஓரம் வரை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் பரிசோதனை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

ஒரு மருத்துவமனையில் ‘நீங்கள் ஃபிட்’ என்றார்கள். இன்னொரு இடத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு ‘கெரட்டோகோனஸ் ஆக இருக்கலாம், லேசர் வேண்டாம்’ என்கிறார்கள். பவர் மைனஸ் 2.5, சிலிண்டர் 2. சின்ன வயதிலிருந்து அலர்ஜி உண்டு, கண்ணைக் கசக்கும் பழக்கமும் உண்டு. மூன்றாவதாக ஒருவரிடம் போய்க் கேட்டுப் பெரும்பான்மையை வைத்து முடிவு செய்யலாமா?
— 24 வயது வாசகர்

இதில் ஓட்டெடுப்புக்கு வேலை இல்லை. இரண்டு பேர் ‘ஆம்’ என்று சொல்லி, ஒருவர் காரணத்தோடு ‘இல்லை’ என்றால் அந்த ஒருவர் சொல்வதைத்தான் முதலில் கேட்பேன். சந்தேகத்தைத் தீர்க்க மூன்றாவது மருத்துவரிடம் போங்கள், தவறே இல்லை. ‘ஃபிட்’ என்று சொல்லும் ஆளைத் தேடிப் போகாதீர்கள்.

கெரட்டோகோனஸ் என்றால் கருவிழி பலவீனமாகி, கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கூம்பு மாதிரி முன்னே தள்ளிக்கொண்டு வருவது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி முப்பதுகள் வரை வளரும். கண்ணை அழுத்திக் கசக்குவதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, அலர்ஜி இருப்பவர்களிடம் அதிகம் பார்க்கிறோம், குடும்பத்தில் வருவதும் உண்டு. ஆரம்பத்தில் வலியே இருக்காது. சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் சீரற்ற வளைவுக்கான பவர், ஏறிக்கொண்டே போகும், அதன் கோணம் மாறிக்கொண்டே இருக்கும், எத்தனை கண்ணாடி மாற்றினாலும் கடைசி வரி கலங்கலாகவே தெரியும். இந்த மூன்றில் ஏதாவது உங்களுக்கு இருக்கிறதா என்று பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

ஏற்கனவே தளர்ந்த கருவிழியை மேலும் செதுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய மடல் மேலே ஒட்டிக்கொண்டு கிடக்குமே தவிர பழையபடி பாரம் தாங்காது, முழுச் சுமையும் அடியில் மிஞ்சிய மெல்லிய பகுதிமேல் விழுகிறது. சில மாதங்களிலோ சில வருடங்களிலோ கருவிழி பிதுங்கத் தொடங்கும். எக்டேசியா என்று பெயர். லேசிக் செய்யும் மருத்துவர்கள் மிகவும் பயப்படும் பின்விளைவு இதுதான், இதைத் தவிர்க்கத்தான் அத்தனை ஸ்கேனும்.

அப்படியானால் முதல் இடத்தில் ஏன் தெரியவில்லை? அவர்கள் எந்தக் கருவியில் பார்த்தார்கள் என்று தெரியாமல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று பொதுவாகச் சொல்லலாம். வட்ட வட்டமாக வெளிச்சம் அடித்துப் பார்க்கும் டோபோகிராஃபி கருவிழியின் முன்பக்க மேடு பள்ளத்தை மட்டும் காட்டும். பென்டாகேம் போன்ற டோமோகிராஃபி கருவிகள் பின்பக்கத்தையும், ஒவ்வொரு புள்ளியிலும் தடிமன் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் காட்டும். ஆரம்பகட்ட கெரட்டோகோனஸ் பல சமயம் முதலில் பின்பக்கத்தில்தான் தலைகாட்டுகிறது, முன்பக்கம் சமர்த்தாக இருக்கும். மூன்றாவது கருத்துக்குப் போகும்போது டோமோகிராஃபி எடுக்கிற இடமாகப் பார்த்து, ஏற்கனவே எடுத்த இரண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள்.

சரி, உறுதியானால்? முதல் வேலை கசக்குவதை நிறுத்துவது. இதை நான் எத்தனை அழுத்திச் சொன்னாலும் போதாது. அரிப்புக்குச் சொட்டு மருந்து இருக்கிறது, குளிர்ந்த ஒத்தடம் இருக்கிறது, கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். கூம்பு வளர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் கிராஸ்-லிங்கிங் என்று ஒரு சிகிச்சை: ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2 சொட்டுகளை ஊறவிட்டு புறஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்குவது. அது வளர்ச்சியை நிறுத்தத்தான், கண்ணாடியைக் கழற்ற அல்ல. ‘லேசிக்தானே கூடாது, மடல் வெட்டாத பி.ஆர்.கே. செய்யலாமே’ என்று சிலர் கேட்பார்கள். அதிலும் திசுவைச் செதுக்கத்தானே செய்கிறார்கள்? கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கண்ணில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களையும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எனக்கு 17 வயது, கல்லூரியில் சேரப் போகிறேன். அதற்கு முன் லேசர் செய்துவிட்டால் புது ஆளாகப் போகலாம் என்று ஆசை. போன வருடம் மைனஸ் 2.25, இப்போது 3.

தம்பி, இப்போது வேண்டாம். கண் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை உங்கள் பவரே சொல்கிறது. இன்றைக்கு மைனஸ் 3ஐ எடுத்துவிட்டால் அடுத்த வருடம் மைனஸ் 0.75 புதிதாக வந்து நிற்கும், திரும்பக் கண்ணாடி, திரும்பச் செதுக்கல். பதினெட்டு என்பது பெரும்பாலான இடங்களில் அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச வயது, அன்றைக்கே கண் தயாராகிவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு வருடமாவது பவர் அரை எண்ணுக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும். பலருக்கு இது 20, 21க்கு மேல்தான் நடக்கிறது, இரவு பகலாகப் படிப்பவர்களுக்கு இன்னும் தள்ளிப் போவதும் உண்டு. அதுவரை ஒவ்வொரு கண்ணாடிச் சீட்டையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். 21 வயதில் யாரிடமாவது போகும்போது அந்தச் சீட்டுகள்தான் உங்களுக்காகப் பேசும். நல்ல பிரேமாக ஒன்று வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்ச் சேருங்கள்.

நாள் முழுக்கக் கணினிமுன் வேலை. பல வருடம் காண்டாக்ட் லென்ஸ் போட்டேன், இப்போது மதியத்துக்குள் உறுத்தல், எரிச்சல், போடவே முடியவில்லை. அதனால்தான் லேசர் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். வயது 31, பவர் நான்கு வருடமாக மாறவில்லை.

வயது சரி, பவர் சரி. ஆனால் நீங்கள் லேசருக்கு வரும் காரணமே லேசரைத் தள்ளிப்போடச் சொல்கிறது. லென்ஸ் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதற்குப் பல நேரம் காரணம் கண் வறட்சி. அதே வறட்சியோடு லேசருக்குப் போனால் அது இன்னும் மோசமாகத்தான் ஆகும். கருவிழியில் நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன, ‘காய்கிறது, நீர் விடு’ என்று கண்ணீர்ச் சுரப்பிக்குச் சேதி போவது அவற்றின் வழியாகத்தான். மடலை வெட்டும்போது அவையும் வெட்டுப்படுகின்றன. திரும்ப வளர ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். அதுவரை கண்ணுக்குத் தான் காய்வதே சரியாகத் தெரியாது, சிமிட்டுவதும் குறையும். மடல் இல்லாமல் சின்னத் திறப்பு வழியாகத் திசுவை எடுக்கும் ஸ்மைல் என்ற முறையில் வெட்டு சிறியது என்பதால் பாதிப்பு கொஞ்சம் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நடத்திய ‘ப்ரவுல்’ ஆய்வுகளில், லேசிக்குக்கு முன் வறட்சியே இல்லாதவர்களிலும் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை மூன்று மாதம் கழித்து வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலானோருக்கு நாளடைவில் தணிந்துவிடும். மிகச் சிலருக்கு மட்டும் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருந்தும் வலி நீடிக்கிறது, அது நரம்பு சம்பந்தப்பட்ட வலி, சிகிச்சையும் எளிதல்ல. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஏற்கனவே எரியும் கண்ணோடு வருபவர் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

முதலில் வறட்சியை அளக்கச் சொல்லுங்கள். கீழிமையில் தாள்பட்டையைச் செருகி ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 10க்கு மேல் நல்லது, 5க்குக் கீழே கவலை. சாயம் விட்டு, சிமிட்டாமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள், 10 நொடியாவது தாங்க வேண்டும். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால் வெந்நீர் ஒத்தடம், இமையைச் சுத்தம் செய்தல், பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் ரசாயனம்) சேர்க்காத செயற்கைக் கண்ணீர், அப்புறம் திரையைப் பார்க்கும்போது நினைவாக முழுசாக இமை மூடிச் சிமிட்டுவது. சில மாதம் இதைச் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இப்படித் தேறி வந்து லேசர் செய்துகொண்டு நன்றாக இருப்பவர்கள் நிறைய உண்டு. தேறவில்லை என்றால் கண்ணாடியே உங்கள் கண்ணுக்கு உற்ற தோழன்.

44 வயது. தூரத்துக்கு மைனஸ் 2.5. இப்போது படிக்கவும் ஒரு கண்ணாடி என்கிறார்கள். இரண்டையும் ஒரே லேசரில் தூக்கி எறிய முடியுமா?
— ஆசிரியை

ஒரு சின்ன சோதனை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கத்தைப் படியுங்கள். தெளிவாகத் தெரிகிறது, இல்லையா? மைனஸ் 2.5 கண்ணுக்கு 40 சென்டிமீட்டர் தூரம் கண்ணாடி இல்லாமலே துல்லியம். உங்கள் வயதுக்காரர்கள் பலர் மருந்துச் சீட்டைக் கை நீட்டிப் பிடித்துத் திண்டாடும்போது நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சுலபமாகப் படித்துவிடுவீர்கள். லேசர் செய்து இரண்டு கண்ணையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால் தூரம் தெளிவாகும், இந்த வசதி போய்விடும். அன்றிலிருந்து செல்போன் பார்க்க, திருத்தல் வேலை பார்க்க, சட்டைப் பொத்தான் தைக்க என எல்லாவற்றுக்கும் படிக்கும் கண்ணாடி வேண்டும். வெள்ளெழுத்து கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியைச் செதுக்கி அந்த இறுக்கத்தை எடுக்க முடியாது.

‘மோனோவிஷன்’ என்று ஒரு வழி உண்டு: ஒரு கண்ணைத் தூரத்துக்குத் திருத்தி, இன்னொன்றில் மைனஸ் ஒன்றோ ஒன்றேகாலோ மிச்சம் வைப்பது. மூளை இரண்டையும் சேர்த்துச் சமாளித்துக்கொள்ளும், சிலருக்கு அற்புதமாக அமையும், சிலருக்குத் தலை கிறுகிறுக்கும், ஆழம் கணிப்பதில் தடுமாற்றம் வரும், இரவு வண்டி ஓட்டப் பிடிக்காது. நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள அறுவை சிகிச்சை தேவையில்லை. அதே ஏற்பாட்டைக் காண்டாக்ட் லென்ஸில் செய்து சில வாரம் வகுப்பெடுங்கள், சமையுங்கள், படி இறங்குங்கள். அதில் நிம்மதியாக இருந்தால் மட்டும் அடுத்த பேச்சு. இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகத் தேதி கொடுக்கிறார்கள் என்றால் நான் தயங்குவேன்.

இதையே 55, 60 வயதில் கேட்டிருந்தால் என் பதில் வேறு. கண்புரை தொடங்கியிருந்தால் கருவிழியில் கை வைப்பதில் பொருளே இல்லை. புரை அறுவையில் உள்ளே வைக்கும் லென்ஸிலேயே பவரைச் சரிசெய்துகொள்ளலாம்.

இரவில் லாரி ஓட்டுகிறேன். பவர் மைனஸ் 1.25தான். இவ்வளவு குறைந்த பவருக்கு லேசர் ரொம்ப சுலபம், கண்ணை மூடிக்கொண்டு செய்துகொள்ளுங்கள் என்கிறார் நண்பர்.

கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது, திறந்துதான் வைத்திருக்க வேண்டும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

செதுக்கல் குறைவு என்பதால் சுலபம் என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் நீங்கள் பிழைப்பது இருட்டில். இருட்டில் பாப்பா விரிகிறது. லேசர் திருத்திய வட்டத்தைவிட அது பெரிதாக விரிந்தால் எதிரே வரும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் கதிர்கதிராகச் சிதறலும் தெரிய வாய்ப்பு உண்டு. பாப்பா மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, வறட்சியும் மிச்சப் பவரும் கூடச் சேரும். முன்பு சொன்ன அதே ‘ப்ரவுல்’ ஆய்வுகளில், முன்னால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் ஒளிவட்டம், சிதறல், இரட்டைத் தோற்றம் என்று ஏதாவது ஒன்றைப் புதிதாகச் சொன்னார்கள். அதனால் அன்றாட வேலைக்கே கடும் சிரமம் என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஆய்விலேயே 95 சதவீதத்துக்கு மேல் பார்வையில் திருப்தி என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த மூன்று எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், விளம்பரம் கடைசி எண்ணை மட்டும் சொல்லும், பயமுறுத்துகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள்.

அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு லேசான ஒளிவட்டம் மறந்துபோகிற விஷயம். உங்களுக்கு அது ராத்திரி முழுக்க எதிரே வந்துகொண்டே இருக்கும். மைனஸ் 1.25க்குக் கண்ணாடியில் பளிச்சென்று தெரிகிறது என்றால் நான் அதையே போட்டு ஓட்டச் சொல்வேன். செய்தே ஆக வேண்டும் என்றால் இருட்டில் பாப்பா அளவை எடுக்கச் சொல்லி, திருத்தும் வட்டம் அதற்கு எவ்வளவு பொருந்தும் என்று கேளுங்கள். அறுவைக்குப் பிறகு சில வாரமாவது இரவு ஓட்டாமல் இருக்க முடியுமா என்றும் வேலையிடத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

லேசர் என்றாலே சூடுதானே? கண் வெந்துவிடாதா? பக்கத்து வீட்டுக்காரர் சிகிச்சையின்போது கருகல் வாடை வந்தது என்றார்.

வாடை வருவது உண்மை, வேகவில்லை என்பதும் உண்மை. இதற்குப் பயன்படுவது 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர். 1981ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ரங்கசாமி சீனிவாசன், தன்னோடு வேலை பார்த்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் சேர்ந்து, விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சித் துண்டில் இந்த லேசரை அடித்துப் பார்த்தார். கருகாமல், ஓரம் பொசுங்காமல், வெட்டு சுத்தமாக விழுந்தது. இந்த ஒளி திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்து ஆவியாகத் தூக்கிவிடுகிறது, பக்கத்தில் உள்ள திசுவுக்குச் சூடு பரவுவதற்குள் வேலை முடிந்துவிடும். நீங்கள் சொல்லும் வாடை அந்த ஆவியுடையது. கருவியின் துல்லியத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எந்தக் கண்ணில் அதை அடிக்கிறோம் என்பதில்தான் என் கவலையெல்லாம்.

சுருக்கமாகச் சில பதில்கள்

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் வாசகிக்கு: காத்திருங்கள். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் ஹார்மோன் மாற்றத்தால் பவரும் கண்ணீரும் மாறக்கூடும், இப்போது அளக்கும் எண் நம்பத்தக்கதல்ல. பால் நிறுத்திச் சில மாதம் கழித்து அளந்துகொள்ளலாம்.

பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவருக்கு: அது கண்ணைக் காயவைக்கும். நிறுத்திச் சில மாதம் போகட்டும், முதலில் தோல் மருத்துவரிடம் பேசுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது இந்த மாத்திரையைச் சொல்ல மறக்காதீர்கள், பருவுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சர்க்கரை உள்ளவருக்கு: கட்டுப்பாட்டில் இருந்து, விழித்திரையில் பாதிப்பு இல்லை என்றால் பேசலாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் கூடவே ஏறி இறங்கும், புண் ஆறுவதும் தாமதமாகும்.

முடக்குவாதம், லூபஸ், ஷோகிரன் போன்ற நோய்கள் இருப்பவர்களுக்கும் கண்ணில் ஹெர்பிஸ் வந்து போனவர்களுக்கும்: பெரும்பாலும் வேண்டாம் என்பதே பதில். விதிவிலக்கு உங்கள் மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

ஒரு கண் சோம்பேறிக் கண் என்று எழுதியவருக்கு: கண்ணாடி போட்டும் அந்தக் கண்ணில் எத்தனை வரி தெரிகிறதோ, லேசருக்குப் பிறகும் அதிகபட்சம் அவ்வளவுதான். இன்னொரு விஷயம், நீங்கள் நம்பியிருப்பது ஒற்றை நல்ல கண்ணை. லட்சத்தில் ஒன்று என்றாலும் அந்த ஆபத்தை நல்ல கண்ணுக்குக் கொடுக்க நான் தயங்குவேன்.

குத்துச்சண்டை பயிலும் வாசகருக்கு: லேசிக்கில் மடலின் ஓரம் ஆறினாலும் பழைய கருவிழி அளவுக்குப் பலமாக ஒட்டுவதில்லை, அடிபட்டு வருடங்கள் கழித்து நகர்ந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. மடலே இல்லாத பி.ஆர்.கே. அல்லது ஸ்மைல் பற்றிக் கேளுங்கள். பி.ஆர்.கே.யில் முதல் மூன்று நான்கு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தில் போட்டி எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சீருடைப் பணிக்குத் தயாராகும் மூன்று பேருக்கும் ஒரே பதில்: நாசா 2007லேயே விண்வெளி வீரர்களுக்கு லேசிக்கை அனுமதித்துவிட்டது என்பதால் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைக்காதீர்கள். எந்த முறை செல்லும், செய்து எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும், முன்பு இருந்த பவர் எவ்வளவு வரை ஏற்பார்கள் என்று ஒவ்வொரு பணிக்கும் தனி விதி. எழுத்தில் படித்துவிட்டு அப்புறம் தேதி வாங்குங்கள்.

கருவிழி மெலிது, லேசர் வேண்டாம் என்றுவிட்டார்கள். பவர் மைனஸ் 9. வேறு வழியே இல்லையா? வயது 28.

இருக்கிறது. ஐ.சி.எல். என்று, உங்கள் சொந்த லென்ஸுக்கு முன்னால், கருந்திரைக்கு (ஐரிஸ், பாப்பாவைச் சுற்றியுள்ள நிறமான பகுதி) பின்னால் ஒரு மெல்லிய லென்ஸை வைப்பது. கருவிழியைச் செதுக்குவதில்லை, தேவைப்பட்டால் பின்னாளில் வெளியே எடுத்துவிடலாம், மைனஸ் 9 போன்ற பவருக்குப் பார்வைத் தரமும் நன்றாக இருக்கும். ஆனால் இதற்கும் தகுதிப் பரிசோதனை உண்டு: லென்ஸ் உட்கார உள்ளே இடம் வேண்டும், பொதுவாக மூன்று மில்லிமீட்டர் அளவு ஆழம் பார்ப்பார்கள். கருவிழியின் உள்ளடுக்குச் செல்கள் உங்கள் வயதுக்குத் தக்க எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இது கண்ணுக்குள் செய்யும் அறுவை, அதனால் கிருமித் தொற்று, அழுத்தம் ஏறுவது, முன்கூட்டியே புரை என அபாயங்களும் வேறு. வருடாவருடம் பரிசோதனைக்குப் போக முடியும் என்றால் யோசியுங்கள்.

அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகிறேன். என்னவெல்லாம் செய்துகொண்டு போக வேண்டும்?

காண்டாக்ட் லென்ஸ் போடுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுபவர் என்றால் அடுத்த வாரமே போகாதீர்கள். லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தையே மாற்றி வைத்திருக்கும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்று இரண்டு வாரம், கடினமான ரகம் என்றால் குறைந்தது மூன்று நான்கு வாரம் போடாமல் இருந்துவிட்டுப் போனால்தான் ஸ்கேன் உண்மையைச் சொல்லும். ‘நேற்று வரை போட்டேன்’ என்று சொல்லியும் அன்றைக்கே அளந்து அன்றைக்கே தேதி கொடுத்தால் வேறு இடம் பாருங்கள்.

பழைய கண்ணாடிச் சீட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், வீட்டில் யாருக்காவது கெரட்டோகோனஸ் அல்லது கருவிழி மாற்று சிகிச்சை நடந்ததா என்ற தகவல், இவற்றைக் கொண்டுபோங்கள். பாப்பா விரிக்கும் மருந்து போட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம். உள்ளே போனதும் என் கருவிழித் தடிமன் எவ்வளவு, செதுக்கிய பிறகு எவ்வளவு மிஞ்சும், கருவிழியின் பின்பக்கம் பார்த்தீர்களா, வறட்சி அளந்தீர்களா, என்னை உங்கள் சொந்தத் தம்பியாக நினைத்தால் எந்த முறையைச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். விலைச் சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

செய்துகொள்வதாக முடிவானால், அறுவைக்கு முந்தைய அளவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: பவர், கருவிழியின் வளைவு, தடிமன், எவ்வளவு செதுக்கினார்கள் என்பது. முப்பது வருடம் கழித்துப் புரை வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் எண்ணைக் கணக்குப் போட அது உதவும், ஏனென்றால் லேசர் செய்த கருவிழியில் வழக்கமான கணக்கு தப்பிப்போகும். அதேபோல், மெலிந்த கருவிழியில் கண் அழுத்தத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். இனி எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் ‘லேசர் செய்திருக்கிறேன்’ என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.